நாயின் காது: துடைப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

"டாக்டர், காதுல அழுக்கு சேர்ந்திருக்கு, கொஞ்சம் க்ளீன் பண்ணி விடுங்க." செல்லப்பிராணி மருத்துவமனைகளில் அன்றாடம் கேட்கும் பேச்சு இது. நாய் சில நாட்களாகத் தலையை உதறிக்கொண்டே இருந்திருக்கும். பின்னங்காலால் காதைச் சொறிந்திருக்கும். பக்கத்தில் வந்து படுத்தால் புளித்த வாடை வீசியிருக்கும். வீட்டார் காது மடலைப் புரட்டிப் பார்த்து, உள்ளே பழுப்பு நிறப் பிசுபிசுப்பைக் கண்டு, சுத்தம் போதவில்லை என்று முடிவு செய்திருப்பார்கள். மருத்துவரும் சுத்தம் செய்து சொட்டு மருந்து தருவார். கொஞ்ச நாளில் குணமாகிவிடும். இரண்டு, மூன்று மாதம் கழித்து அதே நாய், அதே காது, அதே வாடை.

இந்தச் சுழற்சி ஏன் நடக்கிறது, அதை எங்கே அறுக்கலாம் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. கடந்த அரை நூற்றாண்டில் கால்நடைத் தோல் மருத்துவம் இதற்குத் தெளிவான பதிலைத் தந்திருக்கிறது. காதுக் குழாயின் உட்புறமும் தோல்தான். அங்கே வரும் அழற்சி பெரும்பாலும் உடல் முழுவதையும் பாதிக்கும் ஒரு தோல் கோளாறின் ஒரு முகம். நாம் அழுக்கு என்று நினைப்பது அந்த அழற்சியின் விளைவு. இதைப் புரிந்துகொள்ளாமல் எவ்வளவு துடைத்தாலும் நோய் திரும்பத் திரும்ப வரும்.

காதின் அமைப்பு

மனிதக் காதுக் குழாய் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம் கொண்டது. பெரும்பாலும் கிடைமட்டமாகச் செல்வது. நாயின் குழாய் நீளமானது. முதலில் செங்குத்தாகக் கீழிறங்கி, பிறகு உட்புறமாகத் திரும்பிக் கிடைமட்டமாகச் சென்று செவிப்பறையை அடைகிறது. ஆங்கில 'எல்' எழுத்தின் வடிவம். பெரிய நாய்களில் மொத்த நீளம் பத்து சென்டிமீட்டர் வரைகூட இருக்கும். இந்த வளைவினால் இரண்டு விளைவுகள். உள்ளே போன நீரும் கசிவும் எளிதில் வெளியேறுவதில்லை. வெளியிலிருந்து பார்க்கும் நம் கண்ணுக்குக் குழாயின் மேல்பகுதி மட்டுமே தெரிகிறது. நோய் குடியிருக்கும் ஆழம் தெரிவதில்லை.

குழாயின் தோலில் இரு வகைச் சுரப்பிகள் உள்ளன. ஒன்று எண்ணெய்ப் பசையைச் சுரக்கிறது, மற்றொன்று மெழுகுக்கான நீர்த்த சுரப்பைத் தருகிறது. உதிரும் தோல் செல்களோடு இவை கலந்ததுதான் குறும்பி. குறும்பி ஓரளவு இருப்பது காதுக்குக் காவல். தூசியையும் கிருமியையும் பிடித்துவைக்கிறது, தோல் வறளாமல் காக்கிறது. அதைவிட வியப்பானது காது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் முறை. செவிப்பறையின் மேலுள்ள தோல் செல்கள் மெதுவாக வெளிப்புறம் நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கின்றன. போகும்போது பழைய குறும்பியையும் உதிர்ந்த செல்களையும் வாயிலை நோக்கிக் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஆரோக்கியமான நாய்க்குக் காது சுத்தம் செய்ய ஆள் தேவையில்லை. அழற்சி வந்தால் முதலில் பழுதாவது இந்த நகர்வுதான். அதன் பிறகே கழிவு உள்ளே தேங்கத் தொடங்குகிறது.

காதுக்குள் நிலவும் தட்பவெப்பத்தையும் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். எல். ஆர். க்ரோனோ 1970இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான நாய்க் காதுக் குழாயின் ஈரப்பதம் ஏறக்குறைய 80 விழுக்காடாக இருந்தது. வெளிக்காற்றின் ஈரப்பதம் வெகுவாக ஏறி இறங்கியபோதும் குழாய்க்குள் மாற்றம் மிகச் சிறிதே. அழற்சி உள்ள காதுகளில் ஈரமும் வெப்பமும் இன்னும் கூடுதலாக இருந்தன. சென்னைக் கடற்கரையின் புழுக்கத்தில் வாழும் நமக்கு இது கவனிக்கத்தக்க செய்தி. "இந்த ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் காது இப்படித்தான் இருக்கும்" என்று நாம் ஊர்மேல் பழிபோட்டுவிடுகிறோம். காதுக்குள் நேரடியாக நீர் போவது வேறு. காற்றின் ஈரம் மட்டுமே ஆரோக்கியமான காதை நோயாக்கிவிடுவதில்லை.

காரணங்களைப் பிரித்துப் பார்க்கும் முறை

காது நோயை "பாக்டீரியா", "பூஞ்சை" என்று கிருமியின் பெயரால் மட்டும் அழைத்துவந்த பழக்கத்தை மாற்றியவர்களில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஜான் ஆகஸ்ட் முக்கியமானவர். 1988இல் அவர் நோய்க்கான காரணிகளை மூன்றாகப் பிரித்தார். நோயைத் தொடங்கிவைக்கும் முதன்மைக் காரணிகள், நோய் வருவதற்கு இடம் தரும் சாதகக் காரணிகள், வந்த நோயைப் போகவிடாமல் பிடித்துவைக்கும் நிலைநிறுத்தும் காரணிகள். பின்னாளில் கிரெய்க் கிரிஃபின் போன்ற தோல் மருத்துவர்கள் இதை விரித்து, கிருமிகளை இரண்டாம் நிலைக் காரணிகள் என்று தனியே வைத்தார்கள்.

காகிதத்தில் வெறும் வகைப்பாடாகத் தோன்றும் இது சிகிச்சையில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் இரண்டாவதாக வருபவை என்றால், அவற்றைக் கொல்வதோடு மருத்துவரின் வேலை முடிவதில்லை. அவை வளர இடம் கொடுத்தது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு காது நோயிலும் இந்த நான்கு கேள்விகளையும் கேட்பது இன்று உலகெங்கும் தோல் மருத்துவர்கள் பின்பற்றும் வழக்கம்.

எந்த நாய்களுக்கு வருகிறது?

லண்டன் ராயல் வெட்டரினரி கல்லூரியின் டான் ஓ'நீல் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல தரவைத் தருகிறது. பிரிட்டனில் 2016ஆம் ஆண்டு மருத்துவமனைகளின் பராமரிப்பில் இருந்த ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களிலிருந்து 22,333 நாய்களின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டில் 7.3 விழுக்காடு நாய்களுக்குப் புறச்செவி அழற்சி இருந்தது. ஏறத்தாழ பதினான்கில் ஒரு நாய். பாசெட் ஹவுண்ட், ஷார் பே, லாப்ரடூடில், பீகிள், கோல்டன் ரெட்ரீவர் ஆகிய இனங்கள் கூடுதல் ஆபத்தில் இருந்தன. தொங்கும் காது கொண்ட இனங்களுக்கு நிமிர்ந்த காது இனங்களைவிட வாய்ப்பு ஏறக்குறைய 1.8 மடங்கு.

தொங்கும் காது ஒரு சாதகக் காரணி என்பது இதனால் உறுதியாகிறது. ஆனால் எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். 1.8 மடங்கு என்பது உண்மையான வேறுபாடுதான். எல்லாவற்றையும் விளக்கும் அளவு பெரியதில்லை. தொங்கும் காதுள்ள எத்தனையோ நாய்கள் வாழ்நாள் முழுவதும் காது நோயின்றி வாழ்கின்றன. நிமிர்ந்த காதுள்ள ஜெர்மன் ஷெப்பர்டு ஒவ்வாமையால் காது நாறி அவதிப்படுகிறது. காற்றோட்டம் கிடைக்கும் என்று சொல்லி டாபர்மேன், கிரேட் டேன் குட்டிகளின் காது மடலை வெட்டி நிமிர்த்தும் வழக்கத்துக்கு இந்தத் தரவு ஆதாரமாகாது. இயல்பாகவே நிமிர்ந்த காதோடு பிறக்கும் இனம் வேறு, வெட்டி நிமிர்த்திய காது வேறு. காது வெட்டுவது நோயைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. குட்டிக்கு வலி மட்டும் நிச்சயம்.

இனத்துக்கு இனம் சாதகக் காரணி மாறும். காக்கர் ஸ்பேனியலின் குழாயில் மெழுகுச் சுரப்பிகள் அதிகம். ஷார் பேயின் குழாய் குறுகலானது. பூடில், ஷிட்சு போன்றவற்றுக்குக் குழாய்க்குள் முடி வளரும். லாப்ரடாருக்கு நீரைக் கண்டால் இறங்காமல் இருக்க முடியாது. கூடவே அந்த இனத்தில் ஒவ்வாமையும் பரவலாக உண்டு. நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி வகைகள் குட்டை முடி கொண்டவை. காது கேளாத ராஜபாளையம் குட்டியைக் கண்டு, குறும்பி அடைத்திருக்கும் என்று கிண்டிப் பார்ப்பவர்கள் உண்டு. வெள்ளை நிறத்தோடு தொடர்புள்ள பிறவிச் செவிட்டுத்தன்மை டால்மேஷனில் நன்கு அறியப்பட்ட ஒன்று, ராஜபாளையத்திலும் காணப்படுகிறது. அது உட்செவி சார்ந்தது. காதைச் சுத்தம் செய்வதால் மாறாது.

தொடங்கிவைப்பவை

முதன்மைக் காரணங்களில் முதலிடம் ஒவ்வாமைக்கு. வீட்டுத் தூசிச் சிற்றுண்ணி, மகரந்தம், பூஞ்சை வித்து போன்றவற்றுக்குத் தோல் மிகையாக எதிர்வினை காட்டும் அடோபிக் ஒவ்வாமை பெரும்பாலும் ஆறு மாதம் முதல் மூன்று வயதுக்குள் தலைகாட்டுகிறது. பாதங்களை நக்குதல், அக்குள், அடிவயிறு, முகம் சிவத்தல் ஆகியவற்றோடு காதும் சேர்ந்துகொள்ளும். சில நாய்களில் காது மட்டுமே அறிகுறி. "காதுக்குத்தானே வந்தோம், பாதத்தை ஏன் பார்க்கிறார்?" என்று வளர்ப்பவர் நினைக்கும்போது, மருத்துவர் விரலிடுக்கில் எச்சில்பட்டுப் பழுப்பேறிப்போன முடியைத் தேடிக்கொண்டிருப்பார். நோயின் வேர் அங்கே தெரியும்.

அடுத்தது உணவு ஒவ்வாமை. மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை ஆகியவை நாய்களில் அதிகம் பதிவான ஒவ்வாமைப் பொருட்கள். நம் வீடுகளில் நாய்க்குக் கிடைப்பது கோழியும் சோறும், பாலும் தயிர்சாதமும், தேநீர் வேளையில் ஒரு கோதுமை பிஸ்கட்டும். எனவே இந்தப் பட்டியல் நமக்கு அந்நியமில்லை. இதைக் கண்டறிய நம்பகமான வழி ஒன்றே. நாய் இதுவரை தின்றிராத ஒரு புரதத்தையோ, மருத்துவர் பரிந்துரைக்கும் சிறப்பு உணவையோ மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது. குணம் தெரிந்தால் பழைய உணவை மீண்டும் கொடுத்து உறுதிசெய்வது. இரத்தம், முடி, எச்சில் கொண்டு உணவு ஒவ்வாமையைச் சொல்லும் பரிசோதனைகளை நம்ப முடியாது. எட்டு வாரச் சோதனை தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம் நாயின் உடலில் இல்லை, வீட்டில் இருக்கிறது. பாட்டி பாசத்தில் போடும் ஒரு துண்டு பிஸ்கட் அத்தனை வாரப் பத்தியத்தையும் வீணாக்கிவிடும். சோதனை தொடங்கும் முன் வீட்டில் உள்ள எல்லோரும், வேலைக்கு வருபவர் உட்பட, ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும்.

குட்டிகளிலும் பூனைகளோடு பழகும் நாய்களிலும் ஒட்டோடெக்டஸ் சைனோடிஸ் என்ற காதுச் சிற்றுண்ணி முக்கியக் காரணம். காப்பித் தூள் போன்ற கறுத்த உலர் கசிவும் தாங்க முடியாத அரிப்பும் இதன் அடையாளம். வெண்புள்ளியாக நகர்வதைச் சில நேரம் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். இதன் வாழ்க்கைச் சுழற்சி மூன்று வாரம். தொற்றிப் பரவுவது என்பதால் வீட்டிலுள்ள எல்லா நாய், பூனைக்கும் சேர்த்தே மருந்து தர வேண்டும். ஃப்ளூரலானர், அஃபோக்சோலானர் போன்ற புதிய மருந்துகள் உண்ணி, தெள்ளுப்பூச்சியோடு இதையும் ஒழிக்கின்றன. கறுத்த கசிவு எல்லாமே சிற்றுண்ணி என்று முடிவுகட்டுவதும் தவறு. ஈஸ்ட் தொற்றிலும் கசிவு கறுத்துத் தெரியும்.

புல்லின் கூர்முனை விதைகள் குழாய்க்குள் ஏறிவிடுவது மற்றொரு காரணம். வயல்வெளியில் ஓடிவிட்டு வந்த நாய் திடீரென ஒரு காதை மட்டும் சாய்த்து வெறிகொண்டு உதறினால் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். தைராய்டு குறைபாடு, அட்ரினல் மிகைச் சுரப்பு, குழாய்க்குள் வளரும் கட்டிகள் ஆகியவை நடு வயதைத் தாண்டிய நாய்களில் நினைவில் கொள்ள வேண்டியவை. ஆறு வயதுவரை காது நோயே அறியாத நாய்க்கு முதன்முறையாக வந்தால், குறிப்பாக ஒரு காதில் மட்டும் வந்தால், அதை வழக்கமான ஒவ்வாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

குடியேறும் கிருமிகள்

இரண்டாம் நிலைக் கிருமிகளில் முதலில் சொல்ல வேண்டியது மலசீசியா பேக்கிடெர்மாடிஸ் என்ற ஈஸ்ட். பிலடெல்ஃபியா விலங்குக் காட்சியகத்தில் தோல் உரிந்து அவதிப்பட்ட ஓர் இந்தியக் காண்டாமிருகத்திடமிருந்து 1925இல் வைட்மேன் என்ற ஆய்வாளர் இதை முதன்முதலில் விவரித்தார். ஆரோக்கியமான நாய்களின் காதிலும் தோலிலும் இது சிறிதளவு எப்போதும் வாழ்கிறது. குழாயின் தோல் அழற்சியால் வீங்கி மெழுகு பெருகினால் இதற்குக் கொண்டாட்டம். புளித்த வாடைக்கும் பழுப்புப் பிசுபிசுப்புக்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

பாக்டீரியாக்களில் ஸ்டஃபைலோகாக்கஸ் சூடிண்டர்மீடியஸ் முன்னணியில் நிற்கிறது. இதுவும் நாயின் தோலில் இயல்பாக வாழ்வதுதான். மிகவும் அஞ்ச வேண்டியது சூடோமோனாஸ் ஏருஜினோசா. ஈரத்தில் வாழும் இக்கிருமி, பலமுறை மருந்து பார்த்துப் பழுதடைந்த காதில் நுழைந்துகொள்கிறது. குழாயில் புண் உண்டாகிறது, நீர்த்த சீழ் வழிகிறது, காதைத் தொடவிடாத வலி எடுக்கிறது. பிசுபிசுப்பான படலம் ஒன்றைச் சுற்றி அமைத்து மருந்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகள் இதனிடம் தோற்கின்றன. அரைகுறைச் சிகிச்சைகளுக்கு நாய் கொடுக்கும் விலை இது.

நோய் நிலைத்துவிடும்போது

திரும்பத் திரும்ப வரும் அழற்சியில் குழாயின் தோல் தடிக்கிறது, சுரப்பிகள் பெருகுகின்றன, வழி குறுகுகிறது. காலப்போக்கில் குருத்தெலும்பைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து குழாய் இறுகிவிடும். வெளியிலிருந்து காதின் அடியைப் பிடித்துப் பார்த்தால், நெகிழ்ந்து கொடுக்க வேண்டிய இடம் கல்லாகத் தட்டுப்படும். அந்த நிலைக்குப் பிறகு சொட்டு மருந்து உள்ளே போகவே வழியில்லை. தொற்று செவிப்பறையைத் தாண்டி நடுச்செவியில் தங்குவதும் நாள்பட்ட நோயில் சாதாரணம். செவிப்பறை முழுதாகத் தெரிவதால் நடுச்செவி நலமாக இருக்கிறது என்று உறுதி சொல்ல முடியாது. கிழிந்து ஆறிய பறையின் பின்னால் சீழ் சிறைப்பட்டிருக்கும். தலை ஒருபக்கம் சாய்வது, வட்டமிட்டு நடப்பது, கண்மணி துடிப்பது, முகத்தின் ஒருபாதி தொங்குவது, வாய் திறக்க வலிப்பது ஆகியவை நோய் ஆழம் போய்விட்டதன் அடையாளங்கள். தலையை ஓயாமல் உதறுவதில் மடலின் இரத்தக்குழாய் வெடித்து இரத்தம் கட்டி, காது பலூனாக வீங்குவதும் உண்டு. அந்த வீக்கத்தை வடித்தால் மட்டும் போதாது. உதறலுக்கான காரணத்தையும் தீர்க்க வேண்டும்.

பத்து நிமிடப் பரிசோதனை

காது நோய்க்கு மிகவும் பயன்தரும் பரிசோதனை மிகவும் மலிவானதும்கூட. மருத்துவர் ஒரு பஞ்சுக்குச்சியால் குழாயின் கசிவைத் தொட்டு எடுத்து, கண்ணாடிச் சில்லில் (ஸ்லைடில்) உருட்டித் தேய்க்கிறார். உலர்த்தி, சாயத்தில் முக்கி, தண்ணீரில் அலசி, நுண்ணோக்கியில் எண்ணெய் வில்லையின் கீழ் ஆயிரம் மடங்கு பெருக்கத்தில் பார்க்கிறார். நுனி பெருத்த, காலடித் தடம் போன்ற ஊதா வடிவங்கள் தெரிந்தால் மலசீசியா. கொத்துக்கொத்தாக உருண்டைகள் என்றால் ஸ்டஃபைலோகாக்கஸாக இருக்கும். குச்சி வடிவங்கள் நிறைந்து, சிதைந்த வெள்ளை அணுக்களும் கலந்திருந்தால் சூடோமோனாஸ் போன்றவற்றை நினைத்துக் கிருமி வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பத்து நிமிடத்தில் முடியும் வேலை. எந்த மருந்து வேண்டும், எது வேண்டாம் என்பதை இதுவே சொல்லிவிடும். சில நாட்களுக்குப் பிறகு மீண்டும் எடுத்துப் பார்த்தால் குணம் உண்மையா, தோற்றமா என்றும் தெரியும்.

இதோடு ஆட்டோஸ்கோப் வைத்துக் குழாயையும் செவிப்பறையையும் பார்க்க வேண்டும். வீக்கத்தால் பார்க்க முடியாவிட்டால் சில நாள் ஸ்டீராய்டு கொடுத்து வீக்கத்தை வடியவைத்துப் பார்ப்பார்கள். சில நேரம் மயக்க மருந்து தேவைப்படும். நாய் வளர்ப்பவர்கள் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: "டாக்டர், ஸ்லைடு போட்டுப் பார்த்தீங்களா? பறை நல்லா இருக்கா?" பறை கிழிந்த காதில் ஜென்டாமைசின், நியோமைசின் வகை மருந்துகளும் அடர்ந்த குளோர்ஹெக்சிடினும் உட்செவியைச் சேதப்படுத்தி, கேட்கும் திறனையும் நடையின் சமநிலையையும் பறித்துவிடக்கூடும்.

சுத்தம்: எப்போது, எதைக் கொண்டு, எப்படி

சுத்தம் செய்வது நோயைக் குணப்படுத்துவதில்லை என்றால் அதற்கு என்ன வேலை? இருக்கிறது. தேங்கிய மெழுகையும் சீழையும் அகற்றினால்தான் சொட்டு மருந்து தோலைத் தொடும். சீழ் சில மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும். ஒவ்வாமை நாயின் பழுதடைந்த தன்சுத்த முறைக்கு இது கைகொடுக்கிறது. ஆனால் மூல நோயைக் கவனிக்காமல் சுத்தத்தை மட்டும் நம்புவது, கூரை ஒழுகும் வீட்டில் தரையை மட்டும் துடைத்துக்கொண்டிருப்பதுதான்.

ஆரோக்கியமான காதுக்கு வாரம் ஒருமுறை பார்வை போதும்: வெளிர்ரோஜா நிறம், வாடையின்மை, லேசான மெழுகு. இப்படி இருந்தால் தொட வேண்டாம். நலமாக உள்ள காதைத் தினம் கழுவினால் தோல் ஊறி வலுவிழந்து, இல்லாத நோய் வரும். நீந்திய பிறகும் குளிப்பாட்டிய பிறகும் உலர்த்தும் தன்மையுள்ள திரவத்தால் ஒருமுறை சுத்தம் செய்யலாம். ஒவ்வாமை உள்ள நாய்களுக்கு வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை, மருத்துவர் சொல்லும் அளவில்.

திரவங்களும் ஒரே வகை அல்ல. ஸ்குவாலின், டாக்யுசேட், புரோபிலீன் கிளைகால் போன்றவை மெழுகைக் கரைப்பவை. சாலிசிலிக், லாக்டிக், போரிக் அமிலங்கள் ஈரத்தை உலர்த்தி ஈஸ்ட்டைக் கட்டுப்படுத்துபவை. குளோர்ஹெக்சிடின் கிருமியை அழிப்பது. டிரிஸ்-இடிடிஏ சூடோமோனாஸின் உறையைப் பலவீனப்படுத்தி, பின்னால் வரும் ஆன்டிபயாடிக்குக்கு வழிவிடுவது. மெழுகு நிறைந்த காதுக்கு ஒன்று, சீழ் வடியும் காதுக்கு வேறொன்று. எனவே கடையில் பாட்டிலை எடுக்கும் முன் மருத்துவரிடம் கேட்பது நல்லது. காது வலித்தாலோ, சீழோ இரத்தமோ தெரிந்தாலோ, தலை சாய்ந்தாலோ வீட்டில் எதையும் ஊற்றக் கூடாது.

செய்முறை எளிது. வழுக்கும் டைல்ஸ் தரையில் பழைய மிதியடி ஒன்றை விரித்து நாயை நிறுத்துங்கள். கால் வழுக்கினால் பாதிப் பயம் அங்கேயே தொடங்கிவிடும். பாட்டிலைச் சிறிது நேரம் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றுங்கள். குளிர்ந்த திரவம் தலைசுற்றலைத் தரும். காது மடலை மேல்நோக்கி மென்மையாக இழுத்துப் பிடித்தால் செங்குத்துக் குழாய் நேராகும். பாட்டிலின் முனை காதில் படாமல், குழாய் நிறையும்வரை திரவத்தை விடுங்கள். ஓரிரு சொட்டு மட்டும் விட்டால் வளைவைத் தாண்டி எதுவும் போகாது. உடனே மடலை விடாமல், காதின் அடியில் கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் கொண்டு அரை நிமிடம் பிசையுங்கள். 'சளக், சளக்' என்று சத்தம் கேட்டால் திரவம் ஆழத்தில் அலசுகிறது என்று பொருள். பிறகு கையை எடுத்துவிட்டுச் சற்று விலகி நில்லுங்கள். நாய் தலையை உதறும். ஆழத்தில் கரைந்த அழுக்கு வாயிலுக்கு வந்து சேரும். விரலில் சுற்றிய பஞ்சால், விரல் போகும் ஆழம்வரை மட்டும் துடையுங்கள். பஞ்சு சுத்தமாக வரும்வரை இதைத் திரும்பச் செய்யலாம். இரண்டு காதுக்கும் தனித்தனிப் பஞ்சு. முடிந்ததும் பிடித்த தின்பண்டம் ஒன்று, ஒவ்வாமைப் பத்தியத்தில் இல்லையென்றால். சொட்டு மருந்து இருந்தால் குழாய் உலர்ந்த பிறகு விட வேண்டும்.

பட்ஸ் குச்சியைக் குழாய்க்குள் விடவே கூடாது. அது மெழுகை வளைவில் தள்ளி அடைக்கும். நாய் திடீரெனத் திரும்பினால் பறை கிழியும். ஷிட்சு, பூடில்களின் காது முடியைக் குளிப்பாட்டும் நிலையங்களில் பவுடர் தூவிப் பிடுங்குவது வழக்கமாகிவிட்டது. நலமாக உள்ள காதில் இது தேவையற்றது. வேரோடு பிடுங்கிய ஒவ்வொரு முடியும் ஒரு சிறு காயத்தை விட்டுச் செல்கிறது. முடி அடைத்து மருந்து போகாத காதில் மட்டும், மருத்துவர் சொன்னால் அகற்றலாம்.

கைவைத்தியம் குறித்து

தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், கற்பூரம் கலந்த எண்ணெய், வினிகர், ஹைட்ரஜன் பெராக்சைடு, பழைய சொட்டு மருந்தின் மிச்சம், மனிதர்களுக்கான காது மருந்து: வீட்டில் இருப்பதை ஊற்றிப் பார்ப்பது அன்பினால்தான் நடக்கிறது. ஆனால் எண்ணெய் ஈரத்தை உள்ளே அடைத்து, தூசியைப் பிடித்து, குழாயை இன்னும் பிசுபிசுப்பாக்குகிறது. பெராக்சைடும் வினிகரும் புண்பட்ட தோலில் எரியும். கற்பூரமும் டீ ட்ரீ எண்ணெயும் நாய்க்கு நஞ்சு; காதைச் சொறிந்த காலை நாய் நக்கத்தான் செய்யும். புழு வைத்த காதில் மண்ணெண்ணெயும் பெட்ரோலும் ஊற்றுவதைத் தெருநாய்களுக்கு உதவ நினைப்பவர்கள் கட்டாயம் கைவிட வேண்டும். தோலை வெந்துபோகச் செய்யும் அந்த வலியைவிடப் புழுவே மேல். மயக்க மருந்து கொடுத்துப் புழுவை எடுத்துப் புண்ணைக் கழுவுவதே சரியான வழி.

இவற்றில் பெரிய கேடு எரிச்சல்கூட இல்லை, நாள் கடந்துபோவது. வீட்டு வைத்தியம் பார்த்த மூன்று வாரத்தில், எளிதாகத் தீர்ந்திருக்க வேண்டிய ஈஸ்ட் தொற்று சீழ்க்காதாக மாறிவிடுகிறது.

தடுப்புத் திட்டம்

முதல் தொற்றிலேயே ஸ்லைடு பரிசோதனை, சரியான மருந்து, அறிகுறி அடங்கியதும் நிறுத்தாமல் மருத்துவர் சொன்ன நாள்வரை தொடர்வது, மறுபரிசோதனையில் காது சுத்தமெனத் தெரிந்த பிறகே முடிப்பது. தடுப்பின் அடித்தளம் இதுதான். வாடை போனதும் மருந்தை நிறுத்துவது கிருமிக்குப் பயிற்சி கொடுப்பதாகும். தினம் மருந்து விட முடியாத நாய்களுக்கு, மருத்துவமனையில் ஒருமுறை போட்டால் பல நாள் நிற்கும் ஜெல் மருந்துகளும் வந்துவிட்டன.

ஓராண்டில் இரண்டாம் முறை வந்தால் கேள்வி மாற வேண்டும். அப்போது எந்தச் சொட்டு மருந்து என்பதோடு, ஏன் வருகிறது என்பதையும் ஆராய வேண்டும். பாதம் நக்குகிறதா, எந்த மாதங்களில் கூடுகிறது, என்ன சாப்பிடுகிறது, உண்ணித் தடுப்பு தவறாமல் போகிறதா என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கொண்டுபோனால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. ஒவ்வாமை உறுதியானால் அதற்கான மருந்து, குளியல், உணவு எல்லாம் சேர்ந்ததே காதுக்கான சிகிச்சை. குட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே தினமும் காதைத் தொட்டு, புரட்டிப் பார்த்து, தட்டிக்கொடுத்துப் பழக்குங்கள். காதைத் தொட அனுமதிக்கும் நாயிடம் நோய் தொடங்கும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கடைசி வழி

எல்லாம் கைமீறிக் குழாய் இறுகிவிட்டால் அறுவைதான் மிஞ்சும். குழாயின் ஒரு பக்கச் சுவரைத் திறந்து வடிகாலாக்கும் முறையை ஜெப் 1949இல் விவரித்தார். காற்றோட்டம் கிடைத்தால் நோய் தீரும் என்ற அந்த நம்பிக்கை பலருக்குக் கைகொடுக்கவில்லை. ஒவ்வாமை உள்ள நாய்களில், குறிப்பாகக் காக்கர் ஸ்பேனியலில், நோய் திரும்பியது. காற்றுக் குறைவு முதன்மைக் காரணம் அல்ல என்பதற்கு அறுவை மேசை தந்த சான்று அது. இன்று முற்றிய நிலையில் குழாய் முழுவதையும் அகற்றி, நடுச்செவியைத் திறந்து சுத்தம் செய்கிறார்கள். முக நரம்பு சேதமடையும் அபாயம் உண்டு. கேட்கும் திறன் பெரும்பாலும் போய்விடும். அப்படியிருந்தும், அறுவை முடிந்த சில வாரங்களில் நாய் மீண்டும் விளையாடத் தொடங்கியதாக வளர்ப்பவர்கள் சொல்வது வழக்கம். அத்தனை காலம் அது எவ்வளவு வலியைச் சுமந்து, மூப்பென்றும் சோம்பலென்றும் நம்மால் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்பதை அந்த மாற்றம் சொல்லிவிடுகிறது.

அந்த மேசைவரை போகும் நாய்களில் பெரும்பான்மைக்கு நோய் முதலில் ஒரு சாதாரண அரிப்பாகத்தான் தொடங்கியிருக்கும். ஒரு ஸ்லைடு, ஒரு முழுமையான சிகிச்சை, ஒவ்வாமை பற்றிய ஒரு கேள்வி அப்போதே நடந்திருந்தால் பாதை மாறியிருக்கும். மருத்துவர் நுண்ணோக்கியை எடுக்க வேண்டும், குளிப்பாட்டும் நிலையத்தார் நலமான காதை விட்டுவைக்க வேண்டும், இனப்பெருக்கம் செய்பவர்கள் ஒவ்வாமை கொண்ட நாய்களை இணைசேர்ப்பதை நிறுத்த வேண்டும், வளர்ப்பவர்கள் இரண்டாம் முறை காது நாறும்போதாவது "ஏன்?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய பிறகு எடுக்கும் பஞ்சும் பாட்டிலும்தான் நாய்க்கு உண்மையில் உதவும்.